பேச்சு அவர் இலாகா

நர்ஸ் ஒரு தாளில் வட்டம் போட்டு, உள்ளே பன்னிரண்டு எண்களை எழுதி, பேனாவை நீட்டினாள். எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். கால் மணி நேரமாக இருவரும் ஜாடை காட்டி ஓய்ந்ததில் கண்டக்டரின் மனைவிக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இரண்டு முள்ளையும் பன்னிரண்டிலேயே வரைந்தாள். ரயில் நிலையப் படியில் அவர் சரிந்தது அப்போதுதான். தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நர்ஸ் கண்ணாடிக் கதவுக்குள் ஓடினாள். மணி ஒன்று ஆகியிருந்தது.

வெளிநாடு வந்து ஆறு நாளாகிறது. பேச்சு அவர் இலாகா. பாஸ்போர்ட்டும் மாத்திரையும் இவள் இலாகா. முப்பது வருஷம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய மனுஷருக்கு, வாய் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. போனில் மொழிபெயர்க்கும் வசதியை மகன் போட்டுக் கொடுத்தும் தொடமாட்டார். மனுஷனும் மனுஷனும் பேச நடுவில் மெஷின் எதற்கு என்பார். அந்தப் போனும் இப்போது அவர் பேன்ட் பாக்கெட்டோடு உள்ளே போய்விட்டது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, வாயைக் கோணிக்கொண்டு, இந்த ஊர்ச் சத்தங்களை உருட்டி உருட்டிப் பழகுவார். இவளுக்குச் சிரிப்பு தாங்காது.

இவள் போனில் மகன் கூப்பிட்டான். ஆம்புலன்ஸிலிருந்தே அவனிடம் அழுதிருந்தாள். அதற்குள் யாரோ டாக்டரிடம் விசாரித்திருக்கிறான். ரத்தக்கட்டைக் கரைக்க ஓர் ஊசி உண்டாம். பக்கவாதம் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தாண்டிப் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடலாமாம்.

"பன்னெண்டு மணிதானேம்மா? காலையில நல்லாத்தானே பேசினாரு?"

காலை எட்டு மணிக்கு அவர் குளியலறையிலிருந்து வந்து இவளிடம் என்னவோ சொன்னார். வாய் கோணியிருந்தது. ஒரு வார்த்தைகூடத் தமிழில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை இவள் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். என்கிட்டயே உங்க வித்தையா என்று இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கோபம் போலிருக்கிறது என்று சமாதானமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஓயாமல் பேசுகிற மனுஷன் வாயே திறக்காமல் கூட வந்தார். அன்றைக்குத்தான் காதுக்கு நிம்மதியாக ஊர் சுற்றிப் பார்த்தாள். பாவி, பாவி என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா? கேக்குதா?"

"எட்டு மணிக்கேடா. இந்த ஊர் பாஷை பேசுறாருன்னு நெனச்சேன். சிரிச்சேன்டா நான்."

அவன் பதில் சொல்வதற்குள் எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாள். தள்ளினாலும் இழுத்தாலும் அது திறக்கவில்லை. உள்ளே நர்ஸ் மருந்துக் குப்பியிலிருந்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். இவள் இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல்களைக் காட்டினாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பயப்படாதே என்பதுபோல் கனிவாகச் சிரித்து, நாற்காலியைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

இவள் உட்காரவில்லை. கட்டை விரல்களை மடக்கி, மற்ற எட்டையும் கண்ணாடியில் அழுத்தினாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க மங்க, உள்ளே வெள்ளை உடுப்பு கட்டிலை நோக்கி நகர்ந்தது.