ஆன்டெனாவும் மாடிவீட்டுக்காரியும்

டெல்ஃபின் மாடியில் குடிவந்தது நவம்பரில். ஓரினின் டிவி கெட்டதும் நவம்பரில். அதற்கு மேல் அவருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர் அவர். போன மாதம் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. மகன் சோரன் பள்ளி ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். இன்று தொலைவில், செயின்ட் பால் நகரில் மாநிலப் போட்டி. "வர முடியலேன்னா டிவிலயாவது பாருப்பா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. இருந்தது ஜன்னலோரம் நின்ற தட்டை ஆன்டெனா ஒன்றுதான்.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பனித்தளம் தெரிந்தது. உடனே படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஆன்டெனாவை அலமாரி மேல் வைத்தார், டிவிக்குப் பின்னால் வைத்தார், சானல்களை மறுபடி தேடவிட்டார். இருபத்தொன்றில் நான்குதான் கிடைத்தன. ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. மேலே காலடி கேட்டது. ஊன்றுகோலால் கூரையை இடித்தார்.

டெல்ஃபின் இறங்கி வந்தாள். கையெல்லாம் மண்.

"என்ன ஓரின், வீட்டை இடிக்கிறீங்களா?"

"அந்த ஊதா லைட்டை அணைங்க. அதுதான் என் சிக்னலைத் திங்குது."

"தக்காளி நாத்துக்குப் போட்ட லைட்டு. காலையிலயே அணைச்சாச்சு."

"நீங்க சொன்னா ஆச்சா?"

"வேணும்னா ஏறி வந்து பாருங்க." மாவுக்கட்டைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "சரி, நம்பாதீங்க. ஜன்னல்ல என்னத்த ஒட்டி வெச்சிருக்கீங்க?"

"குளிருக்கு. வழக்கமா பிளாஸ்டிக்தான் ஒட்டுவேன். இந்தத் தடவை வெள்ளித்தாள் வெச்ச விரிப்பு. சூடு வெளிய போகல."

"சூடு மட்டுமா? டிவி டவர் இருக்கிற மலை அந்தப் பக்கம்தானே. வழியில தகரத்தை அடைச்ச மாதிரி அடைச்சு வெச்சிருக்கீங்க. எப்போ ஒட்டினீங்க?"

ஓரின் மனசுக்குள் மாதத்தை எண்ணிப் பார்த்தார். நவம்பரில்தான். அப்படியும் சந்தேகம் போகவில்லை. தன் விளக்கைக் காப்பாற்ற இவள் நம்மைக் குளிரில் விறைக்க வைக்கிறாளோ?

"அதைக் கிழிச்சும் படம் வரலைன்னா?"

"நானே திரும்ப ஒட்டித் தரேன்."

டெல்ஃபின் இழுக்க, ஒட்டுநாடா பர்ரென்று உரிந்தது. விளிம்பு வழியே குளிர் பாய்ந்தது. அவள் ஆன்டெனாவைக் கண்ணாடியோடு சேர்த்து நிறுத்தினாள். ஓரின் டிவியைப் பார்க்கவில்லை, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கூட்டத்தின் சத்தம் தடையில்லாமல் கேட்டது. திரும்பினார். கடைசிப் பகுதி ஆட்டம். படம் அவ்வளவு தெளிவு. ரப்பர் வட்டு சோரனைத் தாண்டி வலைக்குள் கிடந்தது. அவன் மண்டியிட்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"அய்யோ," என்றாள் டெல்ஃபின். "இதைப் பாக்கவா கிழிச்சோம்?"

"ஆமா," என்றார் ஓரின். கோட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "உக்காருங்க. இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."