மூடியில் போட்ட ஓட்டைகள்

அவர் வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாகப் போய் மருந்தடித்துப் பூச்சிகளைக் கொல்வார். ஏழாம் நாள் அவற்றைப் படைத்தவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். இதில் உறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை. அவருடைய மனைவிக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் கொடுக்கும்போதெல்லாம், "போயிட்டு வாங்க. ஆறு நாளா குடும்பம் குடும்பமா அழிச்சாச்சு, இன்னைக்கு ஒரு நாளாவது அதுங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்பாள்.

"ஆண்டவர் கரப்பான் பூச்சியைப் படைச்சாரு, சரி. நம்ம அடுப்படியில படைக்கலையே" என்பது அவருடைய வழக்கமான பதில். இதைப் போதகரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போதகர் சிரித்தாரே தவிர, சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் போதகர் இவரைத்தான் பிடித்தார். அந்த மாதத்துப் பாடம் பூச்சிகள். "நம்ம சபையில உங்களை விட்டா பூச்சியைப் பத்தித் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டால் என்னதான் சொல்வது? முதல் வாரமே பிள்ளைகள் பூச்சி அங்கிள் என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகள் பதினோரு பேர். ஆறு வயதைத் தாண்டியவர் யாரும் இல்லை. அதில் ஒருத்திக்குக் குண்டூசி என்று பட்டப்பேர். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு கூர்மையான வாய். ஆனால் இரண்டு மாதமாக அந்த வாய் மூடிக் கிடந்தது. கண் சிவந்து, முகம் வாடி வருவாள். உட்கார்ந்தபடியே தலை சாயும். உடனே தன் முழங்கையைத் தானே கிள்ளிக்கொண்டு நிமிர்வாள். அங்கே பூராவும் சின்னச் சின்னதாகச் சிவந்த தழும்புகள்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். அம்மா வெளியூரில் நர்ஸ் வேலையில் இருந்தாள், மாதம் ஒருமுறை வருவாள். "தாத்தா போனதிலேருந்து இப்படித்தான் அண்ணா. தூங்கவே மாட்டேங்குறா. பால் குடுத்துப் பார்த்தாச்சு, டாக்டர்கிட்ட காட்டியாச்சு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்குறா. நீங்களாவது பேசிப் பாருங்க" என்று அந்த டிரைவர் வாசலில் நின்று சொன்னபோது அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. பூச்சி அங்கிள் பேசிப் பார்த்தார். தினமும் அவளுக்காக ஜெபமும் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் வாரம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் சேர்ந்து கிடந்த ஜாம் பாட்டில்களை மனைவியிடம் கேட்டு வாங்கினார். அவள் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். இவர் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியிலும் காற்றுக்காக ஆறு ஆறு ஓட்டைகள் குத்தினார். ஆளுக்கொரு பாட்டில். அடுத்த ஞாயிறு ஒரு பூச்சியை உயிரோடு பிடித்து வர வேண்டும். எல்லோரும் பார்த்து, அதைப் படைத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தேவாலயத் தோட்டத்தில் விட்டுவிட வேண்டும். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பூச்சியை உயிரோடு அனுப்பிவைக்கப் போகிறோம் என்று அவருக்கே ஒரு பூரிப்பு.

அந்த ஞாயிறு வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. இரட்டையர் இருவரும் எறும்புகளைக் கொண்டுவந்து, யாருடையது பெரியது என்று அடிதடிக்குப் போனார்கள். தொப்பை என்று எல்லோரும் கூப்பிடும் பையன் சிலந்தியோடு வந்திருந்தான்.

"கால் எத்தனைன்னு எண்ணு" என்றார் பூச்சி அங்கிள்.

"எட்டு."

"பூச்சிக்கு ஆறுதானே? அப்போ இது பூச்சி இல்லை கண்ணா."

தொப்பையின் உதடு பிதுங்கியது. "அப்போ இதை ஆண்டவர் படைக்கலையா?"

"ஐயோ, அவர்தான் படைச்சாரு. இன்னைக்கு விருந்தாளியா வந்திருக்கு, அவ்வளவுதான்." உதடு பழைய இடத்துக்குப் போனது.

ஒருத்தி கரப்பான் பூச்சியை நீட்டினாள். பூச்சி அங்கிளுக்குக் கை அரித்தது. அடக்கிக்கொண்டு, "என்னா மீசை பாரு" என்று புகழ்ந்தார்.

அப்போதுதான் குண்டூசி எழுந்து வந்தாள். அவள் பாட்டிலில் பச்சை வண்டு ஒன்று, முதுகெல்லாம் மினுமினுவென்று. "அங்கிள், இது என் கையில நடந்துச்சு. கிச்சுகிச்சு மூட்டுச்சு. இதுக்கு ரெக்கைக்கு மேல ஒரு மூடி இருக்கு, அதுக்குள்ள இன்னொரு ரெக்கை!" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்து, எல்லோரும் பாடினார்கள். பாட்டு முடிந்து பார்த்தால் கரப்பான் பூச்சி மல்லாந்து கிடந்தது. எறும்புகள் அசையவில்லை. பச்சை வண்டின் கால்கள் மார்போடு மடங்கியிருந்தன. அந்த மடக்கம் அவருக்குத் தெரியாதா? ஆயிரம் வீடுகளில் கூட்டி அள்ளியிருக்கிறார். ஒரு மூடியைத் திருகிக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டைகளின் விளிம்பில், உள்பக்கம், வெள்ளையாக ஒரு தூசு. சுவரின் சந்துகளில் மருந்துப்பொடியைத் தள்ளும் கம்பியால்தான் ஓட்டை போட்டார். கையில் அகப்பட்டது அதுதான். கால்சட்டையில் ஒரு தேய்ப்பு தேய்த்ததோடு சரி.

"அங்கிள், ஏன் ஆடாம இருக்கு?" என்றாள் குண்டூசி.

இருபத்திரண்டு கண்கள் அவரையே பார்த்தன. அவருக்கு மானம் போய்விடும் போலிருந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஒண்ணுமில்லைம்மா. தூங்குது."

அவ்வளவுதான். குண்டூசி பாட்டிலைப் பிடுங்கி உலுக்க ஆரம்பித்தாள். "எழுப்புங்க! எழுப்புங்க அங்கிள்! தாத்தாவும் தூங்குறாருன்னுதான் அப்பா சொன்னாரு! எழுப்பாதே, தூங்கட்டும்னு சொன்னாரு! அப்புறம் பெட்டியில வச்சு மூடிட்டாங்க!" குரல் கிறீச்சிட்டது. "நான் தூங்கமாட்டேன்! நான் தூங்கவே மாட்டேன்!"

ஒரு குழந்தை இரண்டு மாதமாகத் தன்னைத் தானே கிள்ளிக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. அதே பொய்யை இப்போது அவரும் சொல்லியாயிற்று.

முதலில் எல்லாப் பிள்ளைகளையும் குழாயடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவ வைத்தார். தன் கையையும் கழுவினார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குண்டூசியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"நான் பொய் சொல்லிட்டேன். வண்டு தூங்கலை. செத்துப்போச்சு. எல்லாமே செத்துப்போச்சு. நான்தான் காரணம். பூச்சி மருந்து பட்ட கம்பியால மூடியில ஓட்டை போட்டுட்டேன். வேணும்னு செய்யலை. ஆனா செஞ்சது நான்தான்."

இரட்டையர் இருவரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள்.

குண்டூசி அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "தாத்தா?"

"தாத்தாவும் தூங்கலைம்மா. இறந்துட்டாரு. வயசாயி, நெஞ்சு ஓஞ்சு நின்னுபோச்சு. இப்போ ஆண்டவர்கிட்ட இருக்காரு. தூக்கம் வேற, அது வேற. தூங்குறப்போ மூச்சு வந்துக்கிட்டே இருக்கும், நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கும். காலையில முழிச்சுக்குவோம்."

"நீங்க முழிச்சுக்குவீங்களா?"

"எங்க வீட்டு ஆன்ட்டியைக் கேளு. நாலு தடவை கத்தணும், ஆனா முழிச்சுக்குவேன்."

அவள் நகர்ந்து வந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "அடிக்குது" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். உடனே எல்லோரும் வரிசையில் வந்து காதை வைத்துப் பார்த்தார்கள்.

"அப்போ என் வண்டு எங்கே போச்சு?"

தெரிந்த மாதிரி நடிக்கும் தைரியம் அன்றைக்கு அவரிடம் மிச்சமில்லை. "அது எனக்குத் தெரியாதும்மா. ரெக்கைக்கு மேல மூடி வச்சு அவ்வளவு அழகா செஞ்சவருக்கு, அது எங்கேன்னு தெரியாம இருக்காது."

தோட்டத்து மண்ணில் பள்ளம் தோண்டி, பதினோரு உயிர்களையும் வைத்து மூடினார்கள். யார் ஜெபம் செய்வது என்று கேட்டதற்குத் தொப்பை கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னால் வந்தான். "ஆண்டவரே, பூச்சி அங்கிளை மன்னிச்சிடுங்க. இன்னைக்கு அவர் தெரியாம செஞ்சுட்டாரு. மத்த நாள்ல தெரிஞ்சே செய்யறாரு, அதையும் மன்னிச்சிடுங்க. ஆமென்."

"ஆமென்" என்றார் பூச்சி அங்கிள். அடுப்படிப் பதில் அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை.

நிமிர்ந்தபோது தோட்டத்து வாசலில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். மகள் கத்திய சத்தம் அவர் காதில் விழுந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு வந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டார். "அப்பா தப்பா சொல்லிட்டேன்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தாத்தா செத்துப்போயிட்டாரு."

"தெரியும்ப்பா. அங்கிள் சொல்லிட்டாரு" என்றாள் குண்டூசி. அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதாள்.

உள்ளே ஆராதனை தொடங்கியிருந்தது. அப்பாவும் மகளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பூச்சி அங்கிள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது அவள் தலை சாய்ந்தது. கை முழங்கைக்குப் போனது. கிள்ளாமல் அங்கேயே நின்றது. டிரைவர் மெதுவாக அவளை மடியில் சாய்த்துக்கொண்டார்.

எல்லோரும் கலைந்து போனார்கள். கதவைப் பூட்ட வந்தவர் சாவியோடு நின்றார். பூச்சி அங்கிள் உதட்டில் விரலை வைத்து, உட்காரும்படி சைகை காட்டினார். டிரைவர் மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை அவள் பாதிக் கண் திறந்தாள். "அப்பா, எனக்கு மூச்சு வருதா?"

"வருதும்மா. நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

சரி என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் புரண்டு படுத்துத் தூங்கினாள்.