ட்ரில்பிக்கு ஒரு நாற்காலி

"ட்ரில்பியையும் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன்" என்று சொல்லியபடி வாமதேவன் போனை வைத்தார்.

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த சுவர்ணாவின் கை நின்றுவிட்டது. "ஆரது ட்ரில்பி?"

அது வாமதேவனுக்கும் தெரியாது. ஜெர்மனியில் பாதி வயதைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்த மனிதர். டொச் மொழியில் புலி, ஆங்கிலத்தில் எலி. பேசியவர் ரேமண்ட். மகள் கௌசி கட்ட ஆசைப்படும் டொமின் தகப்பன். ஞாயிறு மத்தியானம் ஸ்ட்ரெதமில் இருக்கும் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். மற்றதெல்லாம் வாமதேவனின் காதில் இப்படித்தான் விழுந்தது:

"அவளில்லாமல் அவர் வெளியிலை போறேல்லையாம். வயசு போட்டுதாம், எண்டாலும் இன்னும் வடிவாம்."

சுவர்ணாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரப் பெடியன் என்றாலும் பரவாயில்லை, குடும்பத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று அவள் சொல்லியிருந்தாள். தாயில்லாத பிள்ளை என்று டொமுக்காக மனம் இளகியும் இருந்தாள். இப்போது பார்த்தால், தகப்பன் ஒருத்தியைக் கூட வைத்திருக்கிறார்!

"கௌசியைக் கேப்பமே?" என்றார் வாமதேவன்.

"இவ்வளவு நாளும் மறைச்சவள் இப்ப மட்டும் உண்மை சொல்லுவாளோ? நீங்கள் பேசாமல் இருங்கோ. வரட்டும், நானே பாக்கிறன்."

ஆனால் கோபம் வேறு, விருந்து வேறு. சனிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போய் முறையிட்டுவிட்டுத் திரும்பியவளின் கையில் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச் சேலை இருந்தது. "வீட்டை வாறவளை வெறுங்கையோடை விட ஏலுமே?" என்றாள். வாமதேவன் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் அவர்களுடைய குடும்பம் இத்தனை காலம் ஓடுகிறது.

ஞாயிறன்று மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். தூறல் மழையில் ரேமண்ட் டொமுடன் காரில் வந்து இறங்கினார். நெட்டையான மனிதர், தலையில் சாம்பல் நிறத் தொப்பி. சுவர்ணா அவருக்குப் பின்னால் காரை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒருவருமில்லை.

"ட்ரில்பி எங்கை?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரேமண்ட் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"அம்மா!" கௌசி தலையில் கை வைத்தாள். "ட்ரில்பி எண்டா தொப்பி! பழைய ஆக்கள் போடுற ஒரு வகை."

வாமதேவன் மெல்லச் சமையலறைப் பக்கம் நழுவினார். தாய் போட்ட நாற்காலியையும் வாங்கிய சேலையையும் கௌசி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டொம் சிரித்துச் சிரித்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். சுவர்ணாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

ரேமண்ட் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆறாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ சொன்னார். கௌசி அதைத் தமிழில் சொன்னாள்:

"அவரின்ரை மனிசி கடைசியா வாங்கிக் குடுத்த தொப்பியாம். அதாலைதான் 'அவள்' எண்டு சொல்லுறவராம். அவ போனபிறகு ஒருத்தரும் அவவுக்கு ஒரு கதிரை போட்டதில்லையாம்."

சுவர்ணாவுக்கு, இந்த மனிதரையா இரண்டு நாளாக மனதுக்குள் திட்டித் தீர்த்தோம் என்று வெட்கமாக இருந்தது. தொப்பியை வாங்கி, மழைத்துளியை முந்தானையால் ஒற்றி, அந்த நாற்காலியில் வைத்தாள். எல்லோருக்கும் சோறு போட்டபோது அதன் முன்னால் இருந்த தட்டிலும் ஒரு கரண்டி வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சேலைத் தட்டைக் கொண்டுவந்து ரேமண்டின் கையில் கொடுத்தாள். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"கௌசி, மாமாவுக்குச் சொல்லு. எங்கடை வழக்கத்திலை கலியாணப் பொம்பிளைக்குச் சீலை மாப்பிள்ளை பகுதிதான் குடுக்கிறது. அதை உன்ரை கையிலை தரச் சொல்லு."

கௌசியின் கண்கள் விரிந்தன. "அப்ப, அம்மா, உங்களுக்குச் சம்மதமோ?"

"என்னை ஏன் கேக்கிறாய்?" சுவர்ணா நாற்காலியில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். "மாமியே சீலையோடை வந்திட்டா. நான் மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே?"