பச்சை பெஞ்சுக்காரர்கள்

இருபத்தாறு வருஷப் பட்டாள வாழ்க்கையில் டாக்டருக்குக் கிடைத்த பதக்கங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வுபெற்று இந்த ஊரில் ஆஸ்பத்திரி வைத்த எட்டு வருஷத்தில் வாங்கிய திட்டுகளை எண்ண ஆள் போட வேண்டும். எல்லாம் அந்த மூன்று பெஞ்சுகளால் வந்த வினை.

நகராட்சியிடம் கேட்டு வாங்கிய பழைய தபால் நிலையம் அது. அவரே ஏணி போட்டு ஏறி ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, ஆஸ்பத்திரி ஆக்கினார். அதை விட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அதனால் காலை எட்டு மணிக்கே வாசலில் ஐம்பது பேர் நிற்பார்கள். முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர், பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேச்சே அங்கே கிடையாது. பட்டாளத்து டாக்டர் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார், நாடி பிடிப்பார், கையை நீட்டுவார். சிவப்பு பெஞ்சு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் அதற்கு அடுத்து. பச்சை என்றால் வீட்டில் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும், மத்தியானம் தாண்டினாலும் தாண்டும்.

"நான் ஆறு மணிக்கே வந்துட்டேன் டாக்டர்!"

"அப்ப ஆறு மணியிலேருந்து நல்லாத்தான் இருக்கீங்க. பச்சை."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? வயசானால் மனுஷனுக்கு வாயில் கொஞ்சம் தேன் ஊறக் கூடாதா? முதுகுவலிக்காரத் தையல்காரர் எட்டு வருஷமாகப் பச்சை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வார்டு கவுன்சிலர் ஒருநாள் விரல் சுளுக்கோடு வந்து, சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்க மூன்று மணி நேரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவள் சைரன் அக்கா. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தாள். அவள் தக்காளி விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் வாசற்படியில் ஆரம்பித்து, டாக்டர், டாக்டர் பெண்டாட்டி, முன்னால் உட்கார்ந்தவன், பின்னால் நிற்கிறவன் என்று ஒருத்தரை விடாமல் வெளுத்து வாங்குவாள். டாக்டர் ஏறெடுத்தும் பார்க்காமல் பச்சை என்பார். "வாய் இவ்வளவு நல்லா வேலை செஞ்சா மத்ததும் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் மலைப்பாதையில் ஒரு லாரி உருண்டது. கால் முறிந்தவன் ஒருவன் ஊரைக் கூட்டினான். எல்லாரும் அவனிடம் ஓடினார்கள், இவரும் ஓடினார். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இன்னொருவன், "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அவனைப் பாருங்க" என்றான். கட்டுப் போட்டு முடித்துத் திரும்பியபோது அவன் செத்துப் போயிருந்தான். உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. அன்றிலிருந்து டாக்டர் சத்தத்தை நம்புவதில்லை.

ஊருக்கு இதெல்லாம் தெரியுமா? கவுன்சிலர் ஒரு புகார் மனு எழுதினார். முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது சைரன் அக்காவுடையது, அதுவும் நாலு கையெழுத்து போடுகிற இடத்தை அடைத்துக்கொண்டு. பத்தே நாளில் நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் டோக்கன். நம்பர் வரிசைப்படிதான் பார்க்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. மீறினால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும்.

டாக்டர் அதை மூன்று தடவை படித்தார். ஆஸ்பத்திரி போனால் இந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து மூன்று பெஞ்சுகளுக்கும் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். வலது கை அடித்தது, இடது கை அடிக்கடி கண்ணைத் துடைத்தது. பெயின்ட் நெடி என்று சொல்லிக்கொண்டார்.

"என்னங்க, டோக்கனை நான் குடுத்துக்கறேன். நீங்க நடுநடுவுல வெளிய வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. எட்டு வருஷமாக முன்னறையில் நோயாளிகள் பேரை எழுதுகிறவள் அவள்.

"உத்தரவுல அது இல்ல."

"உத்தரவுல மூச்சு விடச் சொல்லிக்கூடத்தான் இல்ல. விடாம இருக்கீங்களா?"

"உத்தரவுன்னா உத்தரவுதான்."

இது பட்டாளத்துக்காரர் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். வேறு யாராவது என்றால் வாசலில் டோக்கனைக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறமாகத் தன் இஷ்டப்படி நடந்திருப்பார்கள். இவருக்கு எழுத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பிடிக்காத உத்தரவு என்றால் இன்னும் ஒரு படி மேலே போய்க் கச்சிதமாக நிறைவேற்றுவார்.

திங்கட்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் டோக்கன் கவுன்சிலருக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை, உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க வந்தவர். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாக முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு, மூன்று, நாலு. தலைவலி, மருந்துச் சீட்டு, கால் ஆணி. டாக்டர் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் யார் எந்த நிறத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அவருக்கு முதுகெல்லாம் கூசியது.

ஆறாவது டோக்கனின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. தையல்காரர் முன்னால், நாலு பேர் பின்னால். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் சைரன் அக்கா.

"டாக்டர், சிவப்பு!" என்று கத்தினார் தையல்காரர்.

டாக்டர் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள். "நம்பர் என்ன?"

"நம்பரா? நீங்கல்லாம் ஒரு மனுசனா? அக்கா வந்து கால் மணி நேரமாச்சு, இன்னும் ஒருத்தரையும் திட்டல!"

டாக்டர் சட்டென்று எழுந்து அவளிடம் போனார்.

"டோக்கன் குடுத்தேங்க, 'சரிம்மா'ன்னு வாங்கிக்கிட்டா" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த மனைவி. "எட்டு வருஷத்துல எங்கிட்ட அவ 'சரி'ன்னதே இல்லைங்க!"

சைரன் அக்காவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கை ஜில்லென்றிருந்தது. தாடையைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில் சொன்னாள். "ஒண்ணும் இல்ல டாக்டர்… கொஞ்சம் அசதி. மத்தவங்களைப் பாருங்க."

அந்தச் சொற்களை அவர் முப்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு மலைப்பாதையில் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை விடுவாரா? உத்தரவு, நகராட்சி, கட்டடம் எல்லாம் எந்தப் பக்கம் பறந்தன என்றே தெரியவில்லை. அவளைக் கட்டிலில் போட்டு, மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்து, ஈ.சி.ஜி. எடுத்தார். காகிதம் வெளியே வரவரத் தெரிந்துவிட்டது. மாரடைப்பு, அதுவும் பெரியது. "ஆம்புலன்சைக் கூப்பிடு!" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தபடியே ஃபிரிட்ஜைத் திறந்தார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டார். போட்டுச் சிறிது நேரத்தில் ஈ.சி.ஜி. திரையில் ஓடிய கோடு தாறுமாறாகத் துள்ளியது. சைரன் அக்காவின் கண் மேலே செருகியது.

"யாரும் தொடாதீங்க!"

மின்னதிர்ச்சிக் கருவி ஒருமுறை உதைத்தது. கோடு மாறவில்லை. டாக்டர் நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தார். அறுபத்து நாலு வயசு மனுஷன், கழுத்து நரம்பு புடைக்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணி அழுத்தினார். கதவுக்கு வெளியே ஐம்பது பேர் மூச்சு விடவில்லை. இரண்டாவது உதை. கோடு தள்ளாடியது, நிமிர்ந்தது, ஒழுங்காக நடக்கத் தொடங்கியது.

ஆம்புலன்ஸ் ஒரு நர்ஸோடு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. மார்க்கெட் தெருவில் அதற்கு வழிவிடச் சொல்லி, சட்டை கசங்க முன்னால் ஓடிப் போக்குவரத்தை நிறுத்தியவர் யார் தெரியுமா? கவுன்சிலர்தான்.

டாக்டர் முன்னறைக்கு வந்து நின்றார். "யார் முதல்ல பாத்தீங்க?"

"யாரு என்ன யாரு, எல்லாருந்தான்" என்றார் தையல்காரர். கோபம் இன்னும் தீரவில்லை. "எட்டு வருஷமா எங்களைப் பச்சையில உக்கார வச்சீங்க. சும்மாவா உக்காந்திருந்தோம்? வேற என்ன வேலை எங்களுக்கு? உள்ள வர்றவங்களையும், நீங்க யாரை எங்க அனுப்பறீங்கங்கறதையும் பாத்துக்கிட்டே இருந்தோம். இன்னிக்கு நீங்க கதவைச் சாத்திட்டா எங்க கண்ணும் மூடிக்குமா?"

டாக்டர் பெஞ்சு பெஞ்சாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எட்டு வருஷமாக இந்த ஜனங்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் நினைத்திருந்தார். பிடிக்காமலேயே இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"தப்பு என்னுது" என்றார். "காகிதத்தைப் பாத்தேன், உங்களைப் பாக்கல. மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் அப்புறம். அந்த மூலையில இருக்கற பொண்ணோட குழந்தைக்கு மூச்சு இழுக்குது, அடுத்தது அவங்க. அதுக்கப்புறம் காய்ச்சல்காரப் பெரியவர். நாங்க பேசி முடிச்சாச்சு."

டாக்டர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஓடினதுல கால் பிசகிடுச்சு டாக்டர். ஆனா என்னைக் கடைசியிலதான் போட்டிருக்காங்க" என்றார்.

மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபத்து தாண்டிவிட்டது, பிழைத்துக்கொள்வாள். முன்னறையில் எழுந்த ஆரவாரத்தில் டாக்டர் மனைவி பேனாவைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள்.

கடைசி நோயாளியும் முடிந்ததும் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரே வரி எழுதினார். "தங்கள் உத்தரவை நிறைவேற்ற மறுக்கிறேன்." வாழ்நாளில் அவர் மறுத்த முதல் உத்தரவு. மனைவி அதை வாங்கிப் படித்து, "கல்யாணமான நாளா இந்த வரியை எங்கிட்ட மட்டுந்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க" என்றாள். கவுன்சிலர் கை நீட்டி வாங்கினார், கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்தது தையல்காரர். அப்புறம் தாள் கை மாறிக்கொண்டே போனது, இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்கள், கவுன்சிலர் நொண்டிக்கொண்டே முன்னால்.

இரண்டு மணி நேரம் டாக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. கருவிகளைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். காலி செய்யச் சொன்னால்? பரவாயில்லை, தெருவில் ஒரு மேஜை போட்டாவது பார்ப்போம் என்று முடிவு கட்டியபோது, தெருமுனையில் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தார். போனபோது ஐம்பது பேர், திரும்பியபோது மார்க்கெட்டே கூட வந்துகொண்டிருந்தது. கவுன்சிலர் கையில் காகிதம்.

"ரத்து பண்ணிட்டாங்க டாக்டர்! கட்டடம் உங்களுக்குத்தான், உங்க வழிப்படியே நடத்துங்க!"

கைதட்டல் தெருவை அதிர வைத்தது. டாக்டர் வழக்கம்போல முறைக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல!" என்றார்கள் அத்தனை பேரும்.

"அப்ப ஆஸ்பத்திரி வாசல்ல என்ன கூட்டம்? எல்லாரும் வீட்டுக்குப் போங்க! இது உத்தரவு!"

ஒருத்தரும் மதிக்கவில்லை. நின்ற இடத்தை விட்டு நகராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பட்டாளத்து டாக்டரும் படியிறங்கி அவர்கள் நடுவில் போய் நின்றார்.