இசக்கிராஜா எரித்த ரப்பர் கோடாரி

கிறுக்குப் பயல்தான், வேறென்ன சொல்ல. சங்கரன்கோவிலில் செல்போன் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா, கையில் காசு தங்கினால் பேய்ப் படங்களில் வரும் ஆயுதங்களின் நகல்களை வாங்கிச் சேர்த்தான். ரத்தச் சாயம் பூசிய ரப்பர் கோடாரி, பைபர் அரிவாள், குத்தினால் பிடிக்குள் போய்விடும் கத்தி. முப்பத்தாறு வயதுவரை வந்த சம்பந்தமெல்லாம் அவற்றை அடுக்கி வைத்த கண்ணாடி அலமாரியைப் பார்த்ததும் தெறித்து ஓடியது.

புளியங்குடி அபிதா மட்டும் ஓடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் இவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அவளும் தன் விஷயத்தைச் சொன்னாள். முன்பு ஒரு நிச்சயம் முறிந்துபோய், ஊர் வாயில் விழுந்தவள் அவள். "ஊரு பேசிட்டுப் போகட்டும்" என்று இவன் பெரிய மனுஷனாட்டம் சொன்னான். அன்றிலிருந்து தினமும் போன்தான். கோடாரியில் ரத்தம் என்ன நிறம் என்றுகூடக் கேட்பாள். தனக்கென்றே ஒருத்தி பிறந்திருக்கிறாளே என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெண்வீட்டார் வீடு பார்க்க வரும் நாள் வந்தது. கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக் கூடாது. அவள் அப்பா தங்கப்பழமும் சொந்தக்காரர்களும்தான் வருவார்கள். இவன் அம்மா சீனியம்மாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, வாரவுக நாலு விதமாப் பேசுவாக. இதும் கெட்டுப்போச்சுன்னா நான் இருக்க மாட்டேன், பாத்துக்கோ."

கூறுகெட்டவன், அபிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தனையையும் அள்ளி வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தான். கோடாரி உருகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தங்கப்பழம் காபி குடித்துக்கொண்டே மூக்கைச் சுளித்தார். ரப்பர் கருகிய வாடை போகவேயில்லை. பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"மக குடுத்துவிட்டா மாப்ள. உங்க அலமாரில வைக்கணுமாம். அது எங்கன இருக்கு? போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னா."

உள்ளே ஒரு பிளாஸ்டிக் கொக்கிக் கத்தி. எங்கேயும் கிடைக்கவில்லை என்று இவன் அவளிடம் புலம்பிய அதே கத்தி. அலமாரியில் சீனியம்மாள் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கியிருந்தாள். எரித்துவிட்டதை இவன் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அபிதா போன் செய்தாள்.

"எல்லாத்தையும் எரிச்சிட்டீயளாமே."

"உனக்காகத்தான் அபிதா. இந்தச் சம்பந்தம் நின்னுரக் கூடாதுன்னுதான்."

"நாலு பேரு பேசுவாகன்னு, ஆசையாச் சேத்ததை ஒரே நாள்ல எரிச்சிட்டீய. என்னையப் பத்தியும்தான் பேசுதாக. நாளைக்கு என்னைய என்ன செய்வீய?"

உன்னை விடமாட்டேன் என்று சத்தமாகச் சொல்ல வாயெடுத்தான். கதவோரம் அம்மா நின்றாள். அதை முணுமுணுப்பாகத்தான் சொன்னான்.

"பக்கத்துல யாரு இருக்காக?" என்றாள் அபிதா.

"அம்மா."

"சரி, வைக்கேன்."

மறுநாள் சம்பந்தம் வேண்டாமென்று பெண்வீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. இசக்கிராஜா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதான், அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே.