பேசாதவளின் சாட்சி

என் அக்கா அடைக்கலமேரியும் என் மனைவி சந்தனமேரியும் திருமயம் பக்கத்து நூல் ஆலையில் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றார்கள். ஆனால் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. எங்கள் மகளின் ஞானஸ்நானத்தில் அக்காவை விட்டுவிட்டுத் தன் தங்கையை ஞானத்தாயாக நிறுத்திவிட்டாள் இவள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

அது 1961. ஆலையில் ஆண்களுக்கு உட்கார்ந்து சாப்பிட அரைமணி நேரம் உண்டு; பெண்கள் நின்றபடியே விழுங்க வேண்டும். சோதனைக்கு வந்த அரசாங்க அதிகாரியிடம் சந்தனமேரி இதைச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே, அவள் தூக்குச்சட்டியில் நூல்கண்டு இருந்ததாக ஆலை மேஸ்திரி சொல்ல, வேலையைவிட்டு நீக்கினார்கள். வேலை போனதைவிட, களவாணி என்ற பெயர்தான் அவளை அரித்தது. எனக்கோ அந்த மேஸ்திரியின் மீசையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது.

மதுரைத் தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் ஞானமணி, "பழிவாங்கத்தான் நீக்கினாங்கன்னு நிரூபிக்கணும். கண்ணால பாத்த ஆள் வேணும்," என்றார். ஆலையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

கடைசியில் தானாக வந்து சாட்சிக் கூண்டில் ஏறியவள் என் அக்கா. மேஸ்திரியே நூலைச் சட்டிக்குள் போட்டதையும், "அதிகாரிகிட்ட வாய் நீட்டுனவளுக்கு இதுதான்" என்று அவன் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஆலை வக்கீல் சிரித்தார். "தம்பி பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றீங்க, அப்படித்தானே?"

"அவளுக்காகவா? அவகூட ஒரு வார்த்த பேசி மூணு வருசமாச்சுங்கய்யா! தம்பி மகளுக்கு நாந்தான் ஞானத்தாயா நிக்கணும். என்னைய விட்டுட்டா. இன்னும் எனக்கு ஆத்திரம் தீரல. அதுக்காக அவளுக்குக் களவாணிப் பட்டம் கட்டுனா பாத்துக்கிட்டு இருப்பேனா?"

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பகையாளியின் சாட்சியை ஆலை வக்கீலால் அசைக்க முடியவில்லை. சந்தனமேரிக்கு வேலையும் நல்ல பெயரும் திரும்பக் கிடைத்தன.

அதே வாரம், வேலையில் கவனமில்லை என்று அக்காவை நீக்கினார்கள்.

சேதி கேட்டதும் சந்தனமேரி நேரே அக்கா வீட்டுக்கு நடந்தாள். என்ன ஆகுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"மதினி, நீங்களும் கேஸ் போடுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன்."

அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "போடி பைத்தியக்காரி. இனிமே நீ சொன்னா எந்தக் கோர்ட்டு நம்பும்? நம்மதான் ராசியாயிட்டமே."

"அப்ப, கேசு முடியிற வரைக்கும் பேசாமயே இருப்பமா?"

"வேணாம்டி," என்றாள் அக்கா. "கேசு தோத்தாலும் போகட்டும்."