மேகம் இறங்கினால் நெட் போகும்

1

இந்தக் கதையில் பாதி எனக்குச் சொந்தமில்லை. கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த மேனகா சொன்னது அது.

"மேகம் எறங்குச்சுன்னா நெட் போயிருதுக்கா. ரெண்டு தடவ போச்சு. மூணாவது தடவ போனா வேலையும் போச்சு."

வீட்டில் இருந்தபடியே ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலை. பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். பேச்சு நடுவில் மூன்று முறை அறுந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள், யார் பக்கம் அறுந்தாலும் பழி அவள்மேல்தான். "நாளைக்குத்தான் கடேசி நாளு" என்றாள். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டாள். மீதிப் பாதியை நான்தான் எழுதியாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "மலையை மேகம் விழுங்கிக்கொண்டிருந்தது, கூடவே மேனகாவின் கனவையும்..."

(அடச்சீ. அழிக்கவில்லை, நீங்களும் பார்த்துத் தொலையுங்கள்.)

இரண்டாவது: "பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மேனகாவுக்கு..."

(உடனே பாவம் என்பீர்கள். உங்கள் பாவம் அவளுக்கு எதற்கு?)

மூன்றாவது: மேட்டில் இருக்கும் அண்ணன் தனசேகர் வீடுவரைதான் இணைய ஒயர் வருகிறது. பள்ளத்தில் இருக்கும் மேனகா வீட்டுக்கு வைஃபை எட்டாது. அதனால் நடுவில் இருக்கும் விறகுக் கொட்டகைச் சுவரில் ஒரு ரிப்பீட்டரை மாட்டினான் தனசேகர். மேலே வாங்கிக் கீழே கொடுக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி. இது போதும், இப்படியே போகலாம்.

3

கதையைக் கேட்டிருந்த பத்திரிகையாசிரியர் செல்வமுருகன் போன் செய்தார்.

"மேகத்தையே வில்லனாக்கிருங்க மேடம். கடைசியில அந்தப் பொண்ணு தோத்துப்போயி, திண்டுக்கல்லுக்கு எறங்கி ரூம் எடுத்துத் தங்குது. ரியலா இருக்கும்."

"மாட்டேன்."

"ஏங்க?"

"பூண்டுக் காட்டுல வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு போச்சுங்க. குனியாம செய்யிற முதல் சோலி இது. இதையும் புடுங்கச் சொல்றீங்களா?"

(இடுப்பு நான் சேர்த்தது. சண்டை என்று வந்தால் கையில் கிடைத்ததை எடுப்பேன்.)

4

தனசேகரும் சும்மா இருக்கவில்லை. காலையில் ஜீப் ஓட்டப் போகுமுன் பெட்டியை அணைத்துப் போட்டான், சேனலை மாற்றினான், ஒரு முழம் மேலே ஏற்றி மாட்டினான். காலையில் சிக்னல் நாலு கோடும் நிற்கும். மூன்று மணிக்கு மேகம் இறங்கினால் ஒரு கோடு, அப்புறம் அதுவும் இல்லை.

"மேகத்த நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தான்.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டிலும் ரிப்பீட்டர் உண்டு. கொடைக்கானலில் மேகத்துக்கும் பஞ்சமில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். மேகம் கூடத்துக்குள்ளேயே வந்தபோதும் என் பெட்டி அசரவில்லை. அப்படியானால் மேகம் வரும் நேரத்தில் வேறு யாரோ அந்தக் கொட்டகைக்குள் வருகிறார்கள்.

5

ராக்கம்மா. மேனகாவின் அம்மா.

(நிஜ மேனகாவின் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இவள் என் ராக்கம்மா. இவளுக்கு நான் பொறுப்பு.)

ஐந்து வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். தேயிலைப் பெட்டிக்குள் போடும் வெள்ளித்தாளில் சுற்றித்தான் குடும்பத்தின் காகிதங்கள் நனையாமல் வந்து சேர்ந்தன. இன்றும் அந்த வீட்டில் ரேஷன் கார்டு, தீப்பெட்டி, மாத்திரை எல்லாம் வெள்ளித்தாளுக்குள்தான். மகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே பேசும் நேரத்தில், மேகத்தைப் பார்த்ததும் ராக்கம்மா கொட்டகைக்குப் போய், தேயிலைப் பையின் வெள்ளி உறையை ரிப்பீட்டருக்கு இறுக்கிச் சுற்றிவிடுகிறாள். மேகம் விலகியதும் அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

(என் ரிப்பீட்டருக்கும் சுற்றிப் பார்த்தேன். நாலு கோடு ஒன்றானது. கொஞ்ச நேரத்தில் பெட்டி சூடேறி, தானாக அணைந்து அணைந்து எரிந்தது. உறைக்குள் இருப்பது அலுமினியம். சிக்னலையும் விடாது, சூட்டையும் விடாது. மேகமே, உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள்.)

6

கடைசி நாள், மூன்று மணி. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே மேனகா ஜன்னலைப் பார்த்தாள். அம்மா கொட்டகைக்குள் நுழைவது தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"என்னம்மா செய்யிறீங்க?"

"பனி குடிச்சா மெஷினு செத்துப்போகும் புள்ள. அதான் மேகம் எறங்கையில எல்லாம் மூடிவுடுறேன்."

"எறங்கையில எல்லாமா? ஐயோ, நீங்க மூடுறதாலதாம்மா நெட் போகுது!"

ராக்கம்மா பாதி சுற்றிய உறையை உருவிக் கையில் எடுத்தாள். "எங்கள கர சேத்த தாளு புள்ள இது" என்றாள். அழுகை வந்துவிட்டது. மேனகாவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் நேரமில்லை.

ராக்கம்மா மூக்கைச் சிந்தினாள். துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் பேசினை எடுத்துவந்து, பெட்டிமேல் படாமல் குடை மாதிரி பிடித்துக்கொண்டாள்.

"நீ போ வெரசா. எம்புட்டு நேரம்னாலும் புடிக்கிறேன்."

7

முடிவு அ: லைன் அறுந்தது. மேனகா பையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ்...

(இல்லை. அந்த பஸ் என் கதையில் ஓடாது.)

முடிவு ஆ: வேலை நிரந்தரமாகி, எல்லோருக்கும் இனிப்பு...

(நான் கொடுத்தால் அது பிச்சை. அவள் வாங்கட்டும்.)

செல்வமுருகன் சார், உங்களுக்கு முடிவு கிடையாது. வேண்டுமானால் கதையைத் திருப்பி அனுப்புங்கள்.

மூன்று பத்து. மேனகாவின் காதில் மணி அடிக்கிறது. இன்றைய கடைசி அழைப்பு. வாசகரே, அழைத்திருப்பது நீங்கள்தான். உங்கள் வீட்டு கிரைண்டர் ஓடவில்லை.

"வணக்கங்க, மேனகா பேசுறேன். சொல்லுங்க, கல்லு சுத்துதா, சத்தம் மட்டும் வருதா?"

கொட்டகையில் ராக்கம்மா பேசினைக் கை மாற்றிப் பிடிக்கிறாள். நாலு கோடும் நிற்கிறது. இனி அறுந்தால் அது உங்கள் பக்கம்தான். பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், பதில் சொல்லுங்கள்.